ரெட்டியார்பாளையத்தில் ஒரு போர்க்கப்பல்

— மூன்றாமாண்டு மாணவர், இளங்கலை வரலாறு

கடற்கரையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்துகொண்டு ஒருவன் போர்க்கப்பல் கட்டுகிறான் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். எங்கள் தெருவாரும் முதலில் நகைக்கத்தான் செய்தார்கள். "கப்பல் எப்போ புறப்படுது?" என்பது இரண்டு ஆண்டுகளாக நான் பால் வாங்கப் போகும்போதெல்லாம் கேட்ட கேள்வி. அந்தக் கப்பலின் நீளம் முக்கால் மீட்டர்தான். ஆனால் அதைக் கட்டியதில் வரலாற்று வகுப்பில் கற்றவை பல எனக்கு விளங்கின. வகுப்பில் கற்காத சிலவும் விளங்கின. அவற்றைச் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இந்தக் கப்பல்?

நம் நகரில் கடலோரப் பகுதியில் சுஃப்ரேன் பெயரால் ஒரு வீதி உண்டு. அதன் வழியே நடப்பவர்கள் பலர். அவர் யாரென்று கேட்பவர்கள் சிலர். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியான சுஃப்ரேன் 1781 மார்ச்சில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1782 தொடக்கத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது புதுச்சேரி அவர்கள் கையில் இல்லை. 1778இலேயே ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிவிட்டனர். ஒதுங்கிப் பழுதுபார்க்கச் சொந்தத் துறைமுகமில்லாமல், ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பற்படையோடு அவர் ஐந்து முறை மோதினார். 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால், ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரையில், ஜூலை 6இல் நாகப்பட்டினத்திற்கு அப்பால், செப்டம்பர் 3இல் திருகோணமலைக்கு அப்பால், இறுதியாக 1783 ஜூன் 20இல் கடலூருக்கு அப்பால் அந்தப் போர்கள் நடந்தன. ஐந்திலும் இரு தரப்பிலும் ஒரு பெரும் போர்க்கப்பல்கூடப் பிடிபடவில்லை. கடலூர்ப் போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் 15, ஆங்கிலக் கப்பல்கள் 18. அன்று உயிர்நீத்தவர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: சமாதானத்திற்கான முதற்கட்ட உடன்படிக்கை ஐரோப்பாவில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடல் கடந்து வந்து சேருமுன் போர் நடந்து முடிந்துவிட்டது. புதுச்சேரி 1785இல் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது.

இந்தப் போர்களில் சுஃப்ரேன் ஏறிவந்த தலைமைக் கப்பலின் பெயர் 'ஏரோ'. வீரன் என்று பொருள். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1778இல் நீரில் இறக்கப்பட்ட 74 பீரங்கிக் கப்பல் அது. நான் செய்தது அவ்வகைக் கப்பலின் மாதிரியை.

"நம்மை ஆண்டவனுடைய கப்பலை நீ எதற்கப்பா செய்கிறாய்?" என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்று சொல்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், கப்பல் வந்த செய்தியும் அதற்கு மரியாதைக் குண்டு போட்ட செய்தியும் அடிக்கடி வரும். சுஃப்ரேன் காலத்து ஆண்டுகளுக்கு இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு இருக்கிறது. இந்த ஊர் மக்களின் விலைவாசி, வேலை, ஓட்டம், ஒளிவு எல்லாம் அடிவானத்தில் எந்தக் கொடியோடு எத்தனை பாய்மரம் தெரிகிறது என்பதைப் பொறுத்திருந்தன. நம் முன்னோரின் வாழ்வைப் புரட்டிப் போட்ட அந்தப் பொருள் எப்படி இருந்தது, எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். புகழ் பாடுவது என் நோக்கமன்று.

எழுபத்துநான்கு என்றால் என்ன?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்படைகளின் முதுகெலும்பாக விளங்கியவை 74 பீரங்கிக் கப்பல்களே. பிரெஞ்சு முறைப்படி கீழ்த்தளத்தில் 36 பவுண்டுக் குண்டு எறியும் பீரங்கிகள் 28. மேல்தளத்தில் 18 பவுண்டுப் பீரங்கிகள் 30. அதற்கும் மேலே முன்னும் பின்னும் உள்ள மேடைகளில் 8 பவுண்டுப் பீரங்கிகள் 16. கூட்டிப் பார்த்தால் 74. இதைவிடப் பெரிய கப்பல்களும் இருந்தன. ஆனால் அவை மந்தமானவை, செலவு மிகுந்தவை. இதைவிடச் சிறியவை போர் வரிசையில் நின்று அடி தாங்கமாட்டா. வலிமைக்கும் வேகத்துக்கும் இடையே கண்ட சமரசம் இது எனலாம்.

கீழ்த்தளத்துப் பீரங்கி ஒன்றின் குழல் மட்டுமே ஏறத்தாழ மூன்றரை டன் எடை. அப்படி 28 பீரங்கிகள் இரு ஓரங்களிலும் நின்றால் கப்பல் எப்படிக் கவிழாமல் இருக்கும்? கப்பலின் குறுக்குவெட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்திற்கு அருகே வயிறு அகன்று, மேலே போகப் போக உள்வாங்கிக் குறுகும். கனமான பீரங்கிகள் அகன்ற இடத்தில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே நிற்கும். மேலே உள்ள இலேசான பீரங்கிகள் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்துவிடும். பக்கச் சுவர் சாய்ந்திருப்பது அழகுக்காக என்று எண்ணியிருந்தேன். அது எடைக் கணக்கு.

இத்தகைய கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓக் மரங்கள் தேவைப்பட்டன என்பர். ஐரோப்பாவில் ஓக்கு, நம் நாட்டில் தேக்கு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் நீரில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய, நம் நாட்டு மரத்தாலான கப்பல் இருநூறு ஆண்டுகள் கடந்து நிற்பது நமக்குப் பெருமைதானே!

மாதிரி செய்வது புதிய பொழுதுபோக்கா?

இல்லை. பிரான்சில் பதினேழாம் நூற்றாண்டிலேயே, அமைச்சர் கொல்பேர் காலத்தில், கப்பல் கட்டும் தளங்களில் மாதிரிகள் செய்து வைக்க உத்தரவிடப்பட்டது. துயமேல் துய் மோன்சோ என்ற அறிஞர் 1748இல் தம் மாதிரித் தொகுப்பை மன்னர் பதினைந்தாம் லூயிக்கு அளித்தார். பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் தொடக்கம் அதுவே. பின்னாளில் அந்த அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய தளபதி பாரி, இளம் அதிகாரியாக 1830 வாக்கில் 'ஃபாவோரித்' கப்பலில் உலகைச் சுற்றியபோது புதுச்சேரிக்கும் வந்தார். ஐரோப்பியக் கப்பல்களைப் பற்றி எழுதப் பலர் இருந்தனர். அவரோ நம் கரையின் தோணிகளையும் அலை கடக்கும் சலங்குகளையும் அளந்து வரைந்து நூலாக்கினார். நம் படகுகளை அவர் அளந்தார். அவர்கள் கப்பலை நான் அளக்கிறேன். கணக்குச் சரியாகிவிட்டது என்று என் நண்பன் வேடிக்கையாகச் சொல்வான்.

அளவில் வந்த வினை

கடையில் விற்கும் பெட்டியை வாங்கி, வெட்டித் தந்த துண்டுகளை ஒட்டுவது ஒரு வகை. வெறும் பலகையிலிருந்து எல்லாவற்றையும் தானே வெட்டிச் செய்வது மற்றொரு வகை. நான் மேற்கொண்டது இரண்டாவது. காரணம் துணிச்சலன்று, பெட்டியின் விலை.

எங்கள் தெருவில் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஊர் வழக்கப்படி அவரைச் 'சொல்தா தாத்தா' என்போம். பிரான்சில் வாழும் அவருடைய மகள் 74 பீரங்கிக் கப்பல் ஒன்றின் மூன்று வரைபடத் தாள்களை அனுப்பிவைத்தார். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டுகள் என மூன்று. இவ்வகைக் கப்பலைப் பற்றி ழான் பூத்ரியோ என்பவர் 1970களில் நான்கு தொகுதிகளாக எழுதிய நூலே இன்றும் மாதிரி செய்வோருக்கு வேதம். அதிலிருந்து சில பக்கங்களின் பிரதிகளும் வந்தன. பிரெஞ்சைத் தாத்தா படித்துத் தமிழில் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

1:72 என்ற அளவைத் தேர்ந்தேன். அதாவது உண்மைக் கப்பலின் 72 செ.மீ. என் மாதிரியில் 1 செ.மீ. நீளம் 170 அடி என்று தாளில் எழுதியிருந்தது. ஓர் அடிக்கு 30.48 செ.மீ. வீதம் பெருக்கி, 72ஆல் வகுத்து, 72 செ.மீ. என்று கண்டேன். அகலத்தையும் குறுக்குவெட்டுகளையும் தாளின் அடியில் இருந்த மீட்டர் அளவுகோலைக் கொண்டு எடுத்தேன். இந்த இரண்டு வாக்கியங்களில்தான் என் நான்கு மாத உழைப்பைக் கெடுத்த பிழை இருக்கிறது. கணிதத் துறை நண்பர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

மரமும் அப்பாவும்

என் தந்தையார் ஒரு பஞ்சாலையின் தச்சுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலை மூடியபின் வேறு வேலைக்குப் போனார். தச்சு வேலையை மட்டும் தொடவில்லை. அவருடைய கருவிப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. கேட்டால், "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு, விடு" என்பார். நானும் வற்புறுத்தவில்லை. ஓர் இழைப்புளி, ஒரு சிறிய ரம்பம், இரண்டு அரம், உப்புத்தாள், கவராயம் ஆகியவற்றைக் கடன் வாங்கியே வேலையைத் தொடங்கினேன்.

தேக்கு கிடைக்கும், பலமானது என்று தேக்குப் பலகைதான் முதலில் வாங்கினேன். ஆனால் 72 மடங்கு சிறிதாக்கிய கப்பலில் தேக்கின் துளைகள் கிணறுகள்போலத் தெரிந்தன. மரம் உண்மையாக இருந்தாலும் அளவு பொய்யாகிவிடுகிறது. சிறிய வேலைக்கு இழை நெருங்கிய மரம் வேண்டும். வெளிநாட்டில் பேரி மரத்தையும் பாக்ஸ் மரத்தையும் கையாள்கிறார்கள். நமக்கு?

தாழ்வாரத்தைக் கடந்துபோன அப்பா நின்று ஒரு வார்த்தை சொன்னார்: "மஞ்சக்கடம்பு பாரு. அந்தக் காலத்துல பாபின் கடைஞ்சது அதுலதான். நூல் சிக்காது, அவ்வளவு வழுவழுப்பு." சொல்லிவிட்டுப் போய்விட்டார். மர வாடியில் தேடி வாங்கினேன். வெளிர்மஞ்சள் நிறம், நெருங்கிய இழை, உளிக்கு இணங்கும் குணம். வெண்மையான தளத்திற்கு வெப்பாலை மரம் ஏற்றது. பொம்மை கடைவோர் அறிந்த மரம் அது. பக்கவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டைகளுக்குக் கருங்காலித் துண்டுகள். சாயம் பூச வேண்டியதில்லை. மரத்தின் நிறமே போதும்.

ஏராவும் வங்கும்

கப்பலின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயரில்லை என்று நினைத்து, முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒரு ஞாயிறன்று கடலூர் முதுநகருக்குச் சென்று மரப்படகு கட்டுவோரைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. அடிமுதுகெலும்பு அவர்களுக்கு ஏரா. அதிலிருந்து விலா எலும்புபோல எழுவது வங்கு. முன்பக்கம் அணியம். பாயைத் தாங்கும் குறுக்கு மரம் பருமல். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பற்று. இவை தமிழ்ப் பேரகராதியிலும் இருக்கின்றன. நாம் அகராதியையும் திறப்பதில்லை, கடற்கரைக்கும் போவதில்லை.

என் மாதிரியில் ஏரா 6 மி.மீ. ஒட்டுப்பலகை. அதில் 20 பள்ளங்கள் வெட்டி, 4 மி.மீ. ஒட்டுப்பலகையில் அறுத்த 20 வங்குகளைச் செருகினேன். வங்கின் இரு பாதியும் ஒன்றுபோல் இருக்க, காகிதத்தை மடித்துப் பாதி வடிவத்தை வெட்டி விரித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் செருகி நிறுத்தியபோது மீன் முள்ளைப்போல நின்றது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மகிழ்ச்சிதான்.

பிறகு பலகை ஒட்டத் தொடங்கினேன். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே அகலமுள்ள பட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போக முடியாது. பரங்கிக்காயைப் பாருங்கள்: அதன் வரிகள் நடுவில் அகன்றும் காம்பருகில் குறுகியும் இருக்கும். கப்பலும் அப்படியே. நடு வங்கில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தால் 18 செ.மீ. வருகிறது, அணியத்தருகே 12 செ.மீ.தான். 30 பட்டைகள் ஓட வேண்டுமானால் ஒவ்வொன்றும் நடுவில் 6 மி.மீ. அகலம், அணியத்தில் 4 மி.மீ. அகலம் இருக்குமாறு இழைக்க வேண்டும். இந்த வகுத்தல் கணக்கைச் செய்யாதவன் கடைசியில் ஆப்புத் துண்டுகளைத் திணித்து ஒப்பேற்ற நேரும். பட்டையை வளைக்க நீராவி வேண்டும். அம்மாவின் இட்லிப் பானை அதற்கு உதவியது. "இட்லியில மர வாசனை வருது" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்குப்படி இழைத்தும், அணியத்தில் பட்டைகள் ஒட்டமாட்டேன் என்று தூக்கிக்கொண்டு நின்றன. சில முறிந்தன. இடப்பக்கம் பதினோரு பட்டைகள் ஒட்டி முடித்த ஒரு மாலையில் அப்பா வந்து குனிந்து, ஒரு கண்ணை மூடி, அணியத்திலிருந்து பின்பக்கம்வரை பார்வையை ஓட்டினார்.

"என்னடா, வயிறு ஊதிப்போயிருக்கு?"

"படத்துல உள்ளபடிதாம்பா அறுத்தேன்."

"அகலம் சரியா இருக்கலாம். நீளம் குறையுது. பலகை மூச்சு முட்டுது பார்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப் புத்தகத்தைக் காட்டி வாதாடினேன். படித்தவன் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் தாள்களைச் சொல்தா தாத்தாவிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது இங்கிலீஷ்காரன் அடி இல்ல. பியே து ருவா. ராஜா அடி."

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு அந்நாட்டில் வழங்கிய அடி 32.48 செ.மீ.; ஆங்கில அடியைவிடச் சரியாக 2 செ.மீ. அதிகம். 170 அடி என்பது 51.8 மீட்டரன்று, 55.2 மீட்டர். என் கப்பல் 72 செ.மீ. அன்று, 76.7 செ.மீ. இருக்க வேண்டும். அகலமோ மீட்டர் அளவுகோலால் எடுத்ததால் சரியாகவே, 19.8 செ.மீ. ஆக இருந்தது. சரியான அகலத்தில் குறைந்த நீளம்! அப்பாவின் கண் ஒரு நொடியில் அளந்ததை என் கணக்கு நான்கு மாதத்தில் காணவில்லை. பவுண்டிலும் இதே வேறுபாடு உண்டு. பிரெஞ்சு 36 பவுண்டுக் குண்டின் எடை ஏறத்தாழ 17.6 கிலோகிராம். நிலப் பத்திரங்களில் குழிக் கணக்கும் ஆர்க் கணக்கும் கலந்து வரும் ஊரில் பிறந்தவன் நான். எந்த அளவு, யாருடைய அளவு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் கப்பலைத் துணிபோட்டு மூடி வைத்தேன். தூக்கி எறிந்துவிட்டுத் தேர்வுக்குப் படிப்போம் என்றுகூட முடிவு செய்தேன். நான்காம் நாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது தாழ்வாரத்தில் கருவிப் பெட்டி திறந்திருந்தது. பூட்டு அறுக்கப்பட்டிருந்தது. அப்பா வெந்நீரில் நனைத்த துணியை ஒட்டிய இடங்களில் வைத்து, பசை இளகியதும் ஒரு மெல்லிய உளியால் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வங்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அகலம் தப்பில்லையே. ஏராவை மட்டும் புதுசா அறுத்தா போதும். இடைவெளி ஒவ்வொண்ணும் கால் சென்டி கூட்டிக்கோ."

சிந்தித்துப் பார்த்தால் எளிய உண்மை. பிழை நீளத்தில் மட்டுமே. ஆகவே குறுக்கே நிற்பவை அத்தனையும் பிழைத்தன. முழுவதும் கெட்டுவிட்டது என்று நான் எண்ணியிருந்தேன். எது கெட்டது, எது கெடவில்லை என்று அவர் பிரித்துப் பார்த்தார். புதிய ஏராவில் அதே வங்குகளைப் பொருத்தியபின் பட்டைகள் அணியத்தில் சொன்னபடி வளைந்தன.

பீரங்கியும் கயிறும்

பலகை வேலை முடிந்தபின் 74 பீரங்கிகள். கீழ்த்தளத்துப் பீரங்கி என் அளவில் 4 செ.மீ.க்குச் சற்று மேல். துளையிடும் மின்கருவியைக் கட்டையில் கிடையாகப் பூட்டி, அப்பா அதைக் கடைசல் இயந்திரமாக மாற்றிக் கொடுத்தார். பித்தளைக் கம்பியை அதில் சுழலவிட்டு அரத்தால் வடித்தேன். முதல் பீரங்கிக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கடைசியில் ஒரு மாலையில் நான்கு செய்தேன்.

கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு ஒட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் உண்டு. பாசியும் சிப்பியும் படிந்து வேகத்தைக் குறைக்கும். ஆங்கிலேயர் அந்நாளில் தம் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு அடித்துவிட்டனர். சுஃப்ரேன் படையில் சிலவற்றுக்கே அது இருந்தது. ஒன்று விரைய, மற்றொன்று பின்தங்க, வரிசை குலைந்தது. போரின் முடிவைத் தளபதியின் வீரம் மட்டுமன்றிக் கப்பலின் அடிவயிற்றுத் தகடும் தீர்மானிக்கிறது என்பது பாடநூலில் இல்லாத பாடம். என் மாதிரியில் மரத்தைத் திறந்தே விட்டுவிட்டேன்.

பாய்மரம் மூன்று, முன்னால் சாய்ந்து நீளும் கொம்பு மரம் ஒன்று. கயிறுகளில் இரு வகை. பாய்மரத்தை நிலையாகத் தாங்குபவை தார் பூசிக் கறுத்தவை. பாயையும் பருமலையும் இழுத்து ஆட்டுபவை இயற்கை நிறமானவை. கடைநூலை அப்படியே கட்டினால் நூலாகவே தெரியும்; கயிறாகத் தெரியாது. எனவே கயிறு திரிக்க வேண்டும். மூன்று நூல்களைத் தனித்தனியே ஒரே திசையில் முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து விட்டால் அவை எதிர்த் திசையில் தாமே பின்னிக்கொள்ளும். ஒரு முறுக்கு அவிழ முயல, மற்றொன்று அதைத் தடுக்கும். அதனால்தான் கயிறு கயிறாக நிற்கிறது. தென்னங்கயிறு திரிப்போர் அன்றாடம் செய்வது இதுவே. கால் மில்லிமீட்டர் முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை ஒன்பது பருமன்களில் பருத்தி நூலில் திரித்தேன்.

மாலுமிகள் ஏறுவதற்குப் பாய்மரத்தின் இருபுறமும் நூலேணிகள் உண்டு. என் அளவில் ஐந்தரை மில்லிமீட்டருக்கு ஒரு படி. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கயிற்றைக் கடக்குமிடத்தில் ஒரு முடிச்சு. கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கில் வருகிறது. ஒரு மாலையில் நான் நாற்பது முடிச்சுக்குமேல் போட இயலாமல் திணறியபோது, பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இது என்ன பெரிய வித்தை? கொண்டா இப்படி" என்று வாங்கினார். முடிச்சை ஒருமுறை காட்டினேன். முல்லைச் சரம் தொடுத்த விரல்கள். கண்ணை எடுத்துப் பேசிக்கொண்டே நூறு முடிச்சு போட்டுவிட்டார். பெரும் பாய்மரத்தின் நூலேணிகள் இரண்டும் அம்மாவின் கைவேலை. பார்ப்பவர்கள் அதைத்தான் முதலில் மெச்சுகிறார்கள்.

திருகோணமலைப் போரில் இதே பாய்மரம் முறிந்து கொடியோடு வீழ்ந்தது. அரச பிரான்சின் கொடி அந்நாளில் வெள்ளை. கப்பல் சரணடைந்துவிட்டது என்று எவரும் எண்ணிவிடாதிருக்க, கிடைத்த வெள்ளைக் கொடிகளையெல்லாம் சுற்றிலும் கட்டச் சொல்லிச் சுஃப்ரேன் கூவினாராம். முறிந்த மரங்களுக்கு மாற்று இக்கரையில் எளிதில் கிடைக்காததால் சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரியவற்றுக்குப் பொருத்தினார்கள். ஒரு கோல் முறிந்தால் மனம் எப்படி உடையும் என்பதை, பருமல் ஒன்றைக் கை தவறி முறித்த இரவில் நானும் சிறிதளவு உணர்ந்தேன்.

முடிவாக

மாதிரி செய்ய விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். முதல் முயற்சியிலேயே 74ஐத் தொடாதீர்கள். ஒற்றைப் பாய்மரத் தோணியில் தொடங்குங்கள். வரைபடத்தில் எழுதியுள்ள அலகு எந்த நாட்டினது, எந்தக் காலத்தது என்று பாருங்கள். ஒட்டியதைப் பிரிக்கக்கூடிய பசையையே பயன்படுத்துங்கள். பிழை வரும், வந்தே தீரும். வீட்டில் உள்ளவர்களின் கைகளில் என்ன வித்தை ஒளிந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

செலவு நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. காலம் இரண்டு ஆண்டு. இந்த ஆண்டு நம் துறைக் கண்காட்சியில் கப்பல் வைக்கப்பட்டபோது அப்பாவும் வந்திருந்தார். முன்பு கேள்வி கேட்ட அதே பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்றார். "நாங்கள் செய்தது ஐயா" என்றேன். அட்டையில் என் பெயர் மட்டும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அன்று மாலையே அட்டையை மாற்றி எழுதினேன். இப்போது அதில் மூன்று பெயர்கள்.

கருவிப் பெட்டி மீண்டும் கட்டிலுக்கடியில் போகவில்லை. தாழ்வாரத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பல் 1938இல் கடல்கள் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை ஓரிரவு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: "அதுக்கு அடி எந்த ஊர் அடி?"

அடுத்த கப்பலின் வேலை தொடங்கிவிட்டது என்று கொள்க.